டெல்ஃப்டில் ஒளித்துவைத்த யுரேனியம்

அன்புள்ள சார்,

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். 1953 டிசம்பரில் ஐ.நா.வில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஆற்றிய ‘அமைதிக்கான அணு’ உரையில்தான் அணுசக்தியில் நாடுகளின் ஒத்துழைப்பு தொடங்கியது என்று வகுப்பில் சொன்னார்கள். அது அமெரிக்காவின் பெருந்தன்மையா, தந்திரமா? கூடங்குளம் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரண்டும்தான். கூடங்குளத்தைக் கடிதத்தின் வாலில் கட்டி அனுப்பாதீர்கள், தனியாக எழுதுங்கள்.

ஆனால் ஐசனோவரில் இருந்துதான் எல்லாம் என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருப்பதே ஒஸ்லோ பக்கத்து ஷெல்லரைப் பற்றித்தான். அந்த உரைக்கு இரண்டு வருடம் முன்பே, 1951 ஜூலையில், அங்கே ஓர் அணு ஆய்வு உலை ஓடத் தொடங்கிவிட்டது. கட்டியவர்கள் நார்வேயும் நெதர்லாந்தும்.

அமெரிக்கா 1946இல் சட்டம் போட்டு, கூட்டாளியான பிரிட்டனுக்கே அணு ரகசியத்தின் கதவை அடைத்திருந்த காலம். செறிவூட்டிய யுரேனியத்தை, அதாவது எளிதில் பிளவுபடும் வகையை அதிகமாக்கிய யுரேனியத்தை, சின்ன நாடுகள் நினைத்தும் பார்க்க முடியாது. இயற்கை யுரேனியத்தை வைத்தே உலையை ஓட்டலாம், ஆனால் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீரோ மிகத் தூய கிராஃபைட்டோ வேண்டும். கனநீர் என்பது ஹைட்ரஜனின் கனமான வடிவம் உள்ள தண்ணீர், பார்க்கச் சாதாரணத் தண்ணீர்தான். அதை உறையவைத்து நம் வீட்டுத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். இந்தக் கனநீர் நார்வேயிடம் இருந்தது, யுரேனியம் இல்லை.

நெதர்லாந்திடம் யுரேனியம் இருந்தது. 1939இல், போர் வரும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது, டி ஹாஸ் என்ற இயற்பியலாளர் சொன்னதைக் கேட்டு அரசு சுமார் 10 டன் யுரேனியம் ஆக்சைடு வாங்கிப் போட்டது. ஜெர்மனி நாட்டைப் பிடித்திருந்த வருடங்கள் முழுக்க அது அந்நாட்டு நகரமான டெல்ஃப்டில் ஒளிந்திருந்தது. போர் முடிந்ததும் அதைக் கொண்டுபோய் நார்வேயின் கனநீரோடு சேர்த்தார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல். ஆக்சைடு போதாது, உலோகம் வேண்டும். பிரிட்டன் ஆக்சைடை வாங்கிக்கொண்டு யுரேனிய உலோகம் கொடுத்தது.

இதில் பெருந்தன்மை எங்கே, தந்திரம் எங்கே? உன்னிடம் இது, என்னிடம் அது, அவ்வளவுதான். நாமோ வல்லரசு நல்லவனா கெட்டவனா என்று மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம்.

1955இல் ஐ.நா. நடத்திய ஜெனீவா அணுசக்தி மாநாடு, அதற்குத் தலைமை வகித்த நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபா, 1957இல் வந்த சர்வதேச அணுசக்தி முகமை, இதெல்லாம் தேர்வில் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று கடிதத்திலேயே தெரிகிறது. நாளைக்கு வகுப்பில் எழுந்து ஷெல்லரைப் பற்றிக் கேளுங்கள். திட்டுவார்கள் என்று பயமா? முதுகலை வரை வந்தாகிவிட்டது, இன்னுமா?