குளிர்காலத்தில் குடும்பத்தோடு மலைநடை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுக்கு ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோடையில் எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை ஒன்றைச் சிரமமின்றி நடந்து முடித்தோம். அதே பாதையில் குளிர்காலத்திலும் செல்லலாமா?

பதில்: பழகிய பாதை என்பது நல்லதுதான்; ஆனால் இம்முறை அதில் பாதித் தூரத்தோடு திரும்பிவிடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ஆம் ஆண்டில் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 400 மீட்டர் ஏற்றமுள்ள எட்டு கிலோமீட்டர் பாதைக்கு இரண்டே கால் மணி நேரம் போதும். ஆனால் அது நல்ல உடல்திறனுள்ள பெரியவர்களுக்கான கணக்கு. சிறுவர்களின் நடையையும் பனியில் புதையும் கால்களையும் கருதி அதை இரு மடங்காக்கினால், ஓய்வு நேரத்தைச் சேர்க்காமலேயே நான்கரை மணி நேரம் ஆகிவிடும். குளிர்காலப் பகல் குறுகியது. பள்ளத்தாக்கில் நடப்பவர்களுக்கோ, நாட்காட்டி சொல்லும் அந்தி நேரத்துக்கு வெகுமுன்பே சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் மறைந்து, குளிர் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். உச்சியைத் தொடுவதுதான் இலக்கு என்று மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டாம். உறைந்த ஓடையைப் பார்ப்போம், பனியில் விலங்குகளின் கால்தடங்களைத் தேடுவோம் என்று சொல்லி அழைத்துச் சென்றால், எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் அவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

கேள்வி: குளிருக்குப் பயந்து மகளுக்குத் தடித்த மேலாடை அணிவித்தால், சிறிது நேரத்திலேயே வியர்த்துப்போகிறாள், கழற்றினால் நடுங்குகிறாள். என்னதான் அணிவிப்பது?

பதில்: உங்கள் மகளை நடுங்கச் செய்வது குளிர்காற்றைவிட அவளுடைய வியர்வையே. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே ஈரமான உள்ளாடை, எவ்வளவு தடித்த மேலாடைக்குள் இருந்தாலும், உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகவே உலரும் என்பதால், குளிர்கால மலைநடைக்கு அது ஏற்றதன்று. காலுறைக்கும் இது பொருந்தும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் ஆடை, அதன்மேல் சூட்டைக் காக்கும் ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை ஆடை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலாடை என்று மூன்று அடுக்குகளாக அணிவியுங்கள். புறப்படும்போது இலேசாகக் குளிர்வதே சரியான அளவு. ஏற்றம் தொடங்கிய பத்து நிமிடங்களில் உடல் சூடாகிவிடும். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுவதும், ஓய்வுக்கு நின்றவுடன், அவள் குளிர்கிறது என்று சொல்லும்வரை காத்திராமல், அதை மீண்டும் அணிவிப்பதும் உங்கள் பொறுப்பு. எடையோடு ஒப்பிடும்போது குழந்தைகளின் உடற்பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் அவர்கள் விரைவில் சூட்டை இழக்கிறார்கள். விளையாட்டு மும்முரத்தில் அதைச் சொல்லவும் மாட்டார்கள். மாற்றுக் கையுறைகளும் காலுறைகளும் பையில் கட்டாயம் இருக்கட்டும். காலணி இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் சில்லிடும்; எனவே இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பதால் பயனில்லை.

முதுகுப் பையில் கைக்குழந்தையைச் சுமந்து செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுமப்பவர் நடந்து சூடாகிறார், குழந்தையோ அசையாமல் இருந்து குளிர்கிறது. அதன் கால்கள் தொங்குவதாலும் பட்டைகள் அழுத்துவதாலும் இரத்த ஓட்டமும் குறையலாம். உங்களுக்கு வியர்க்கிறது என்பதை வைத்துக் குழந்தையும் சூடாக இருப்பதாக எண்ணாமல், அடிக்கடி இறக்கிவைத்து அதன் பிடரியையும் பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். கடுங்குளிரில் கைக்குழந்தையை அழைத்துச் செல்லாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: அடிவாரத்தில் ஐந்து டிகிரி என்கிறது வானிலை அறிக்கை. மேலே எவ்வளவு இருக்கும்?

பதில்: பொதுவாக 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே 800 மீட்டர் ஏறினாலே நீர் உறையும் நிலையை எட்டிவிடலாம். காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்: பூச்சியம் டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் ஆறு டிகிரியைப் போல் உறைக்கும். பலத்த காற்று வீசும் நாளில் மலைமுகட்டைத் தவிர்த்து, மரங்கள் அடர்ந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். பனி மூடிய மலையாயின், 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு பெரும்பாலும் தொடங்குகிறது. உங்கள் பாதை சமதளமாக இருந்தாலும், மேலே அத்தகைய சரிவு இருக்குமானால் அங்கே குடும்பத்தோடு செல்லாதீர்கள்.

கேள்வி: குழந்தையைக் குளிர் தாக்கிவிட்டது என்பதை எப்படி அறிவது?

பதில்: விரல் நுனி, காது, மூக்கு, கன்னம் ஆகியவை வெளிறி மரத்துப்போனால், அந்த இடத்தை உங்கள் அக்குளிலோ உள்ளங்கையிலோ வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்கவே கூடாது, நெருப்பருகே காட்டினால், மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகலாம். சூடேற்றியும் நிறமும் உணர்வும் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இதனினும் ஆபத்தானது, உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது. ஓயாத நடுக்கம், தடுமாறும் நடை, குழறும் பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். கலகலப்பான பிள்ளை திடீரென்று பேசாமல் சோர்ந்து நின்றால், அதை அடமென்று எண்ணிக் கண்டிக்காதீர்கள். உடனே காற்றுப் படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடையை மாற்றி, தரையின் குளிர் ஏறாதபடி பையின் மீது அமர வைத்து, தெளிவாகப் பேசி விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் இனிப்பான வெதுவெதுப்பான பானம் கொடுங்கள். உடல் சூடேறாமலேயே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். அப்போது மீட்புக் குழுவைத்தான் அழைக்க வேண்டும். கைபேசியின் பேட்டரி குளிரில் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அதை உடலோடு ஒட்டிய சட்டைப் பையில் வைத்திருங்கள். அலைவரிசை கிடைக்காவிட்டால், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள்; நிமிடத்துக்கு மூன்று ஒலிகள் பதிலாக வந்தாலும், உதவிக்கு வருவோர் உங்களைக் கண்டடையும்வரை ஊதுவதை நிறுத்தாதீர்கள்.