துப்பாக்கி சுடப் பழகுபவருக்குப் பொறுப்புக் காப்பீடு தேவையா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகில் வசிக்கிறேன். ஷாட்கன் (சிறு ரவைகளைச் சிதறடித்துச் சுடும் துப்பாக்கி) சான்றிதழ் பெற்று, இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடச் செல்கிறேன். பயிரை அழிக்கும் காட்டுப்புறாக்களைத் தன் நிலத்தில் சுட அனுமதிப்பதாகச் சொன்ன விவசாயி ஒருவர், என்னிடம் காப்பீடு இருக்கிறதா என்று கேட்கிறார். சட்டம் கேட்காத ஒன்றுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பதில்: சட்டம் கேட்கவில்லை என்பது உண்மைதான். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் அப்படி எதையும் விதிக்கவில்லை. ஆனாலும், அந்த நிலத்தில் கால் வைப்பதற்கு முன்பே பொறுப்புக் காப்பீடு, அதாவது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான இழப்பீட்டை ஏற்கும் காப்பீடு, எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 28 கிராம் தோட்டாவில், ஏழரை எண் அளவு ரவையாக இருந்தால், கம்பு மணி அளவில் ஏறக்குறைய 400 ரவைகள் இருக்கும். தட்டை உடைப்பவை அவற்றில் சிலவே. மற்றவை அதைக் கடந்து போய் எங்கோ விழுகின்றன. சுடுகளத்தில் இதைக் கணக்கிட்டு, சுடும் இடத்துக்கு எதிரே 275 மீட்டர் அளவுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தை விட்டிருப்பார்கள். பண்ணையில் அந்த ஏற்பாட்டை உங்களுக்காக யாரும் செய்து வைத்திருக்க மாட்டார்கள். வயலின் குறுக்கே செல்லும் பொது நடைபாதையில், புதர் வேலிக்கு அப்பால், நாயோடு ஒருவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

இவ்வளவு நாள் களத்தின் காப்பீடு தங்களையும் காத்து வந்தது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது களம் நடத்துபவரின் பொறுப்பை ஏற்பது. உங்கள் விரல் செய்த தவறுக்கு நீங்களே பொறுப்பு.

டார்செட்டில் உள்ள கார்ஃப் காசிலில் 1957 நவம்பர் 19 அன்று நடந்த ஒரு வேட்டையில் காயமடைந்தவர் வழக்குத் தொடுத்தபோது, பிரதிவாதி தன்னைச் சுட்டார் என்பதை மட்டுமே மனுவில் குறிப்பிட்டார். அது போதாது, சுட்டவரின் உள்நோக்கத்தையோ கவனக்குறைவையோ வாதிதான் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி டிப்ளாக் 1959இல் தீர்ப்பளித்தார். சுடுபவருக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் நடைபாதை இருப்பது தெரிந்தும் அந்தத் திசையில் சுட்டவரின் கவனக்குறைவை நிரூபிப்பது கடினமே அல்ல. உங்கள்மேல் தவறில்லை என்றாலும், அதை நிலைநாட்ட வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணமே சேமிப்பைக் கரைத்துவிடும். கண் பார்வையை இழந்த ஓர் இளைஞருக்கு அவர் வாழ்நாளில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தையும் கணக்கிட்டு இழப்பீடு தர நேர்ந்தால், உங்கள் வீடுகூட மிஞ்சாது. இந்தத் துறையில் ஒரு கோடி பவுண்டு காப்பீட்டு வரம்பு வழக்கமாக இருப்பது இதனால்தான்.

முதலில் உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, தனிநபர் பொறுப்புப் பிரிவில் துப்பாக்கி விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோருக்கு எளிய வழி, பிரிட்டிஷ் சுடுதல் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போன்ற ஒன்றில் உறுப்பினராவது; சந்தாவிலேயே பொறுப்புக் காப்பீடும் அடங்கிவிடுகிறது. சேருமுன் மூன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: களத்தோடு நிற்காமல் பண்ணையில் புறா சுடுவதற்கும் அது பொருந்துமா, உடன் சுடும் சக உறுப்பினர் காயமடைந்தால் ஏற்பார்களா, வழக்குச் செலவையும் தருவார்களா. இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் கேட்க மறக்கிறார்கள். உங்களுக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தானே! உங்களுக்கே ஏற்படும் காயம், துப்பாக்கி திருட்டு, நீதிமன்ற அபராதம் ஆகியவற்றைப் பொறுப்புக் காப்பீடு ஏற்காது.

விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்கு உதவுங்கள், காவல்துறைக்கும் காப்பீட்டாளருக்கும் அன்றே தெரிவியுங்கள், இழப்பீடு தருவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். காயத்துக்கான வழக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். காயமடைந்தவர் சிறுவராக இருந்தால் அந்தக் காலம் 18 வயதிலிருந்துதான் தொடங்கும் என்பதால், காலாவதியான பத்திரங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். விவசாயியிடம் காப்பீட்டுச் சான்றின் நகலைக் கொடுக்கும்போதே, எந்தெந்த வயல்களில் சுடலாம், நடைபாதைகள் எங்கே செல்கின்றன என்பதை ஒரு வரைபடத்தில் குறித்து அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.