ஹாப்கிடோ பயிற்சிக்கு எந்த விசிறி வாங்குவது?

கேள்வி: தென்கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்க்கிறேன். ஓராண்டாக ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைக் கற்று வருகிறேன். அடுத்த மாதம் விசிறிப் பயிற்சி தொடங்குகிறது. சொந்தமாக ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் 8,000 வோனுக்கும் கிடைக்கிறது, 1,50,000 வோனுக்கும் கிடைக்கிறது. ‘ஜோசன் கால வீரர்களின் இரும்பு விசிறி’ என்று, கொரியாவின் பழைய மன்னராட்சிக் காலத்தைச் சொல்லி, ஒருவர் விற்கிறார். கூடப் பயிலும் ஒருவர், தனக்குத் தெரிந்த இடத்தில் நல்ல விசிறியாக வாங்கித் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்? நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன்.

பதில்: மூங்கில் குச்சியும் துணியும் கொண்ட சாதாரண மடக்கு விசிறி ஒன்றை வாங்குங்கள். மூடிய நிலையில் ஏறத்தாழ 33 செ.மீ. நீளம், அகலமான ஓரப்பட்டைகள் (இரு ஓரத்திலும் உள்ள தடித்த குச்சிகள்), துணியில் எந்த வேலைப்பாடும் வேண்டாம். முதல் ஆண்டுக்கு இதுவே போதும். இரும்பு விசிறியின் பக்கம் போகவே வேண்டாம்.

விசிறியை நீங்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்தப் போகிறீர்கள். மூடியபடி பிடித்தால் அது ஒரு குட்டைக் கம்பு. மணிக்கட்டில் தட்டுவதும் விலாவில் குத்துவதும் எதிராளியின் கையை மடக்கிப் பூட்டுவதும் அந்தக் கம்பைக் கொண்டுதான். விரித்தால் அவன் கண்ணை மறைக்கும் திரை. முதல் வேலைக்கு ஓரப்பட்டை உறுதியாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரே வீச்சில் முழுவதும் விரிய வேண்டும். இந்த இரண்டையும் தாண்டி விற்பவர் சொல்லும் பெருமைகள் எதுவும் பயிற்சிக் கூடத்துக்குள் உதவாது.

அந்த ‘ஜோசன் கால வீரர்களின்’ விசிறிக்கு வருகிறேன். நீங்கள் இருப்பது சுவோன். 1794 முதல் 1796 வரை மன்னர் ஜொங்ஜோ கட்டிய ஹ்வாசொங் கோட்டை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதே மன்னர் 1790-இல் தொகுக்கச் செய்த போர்க்கலை நூல் ‘முயே தோபோ தொங்ஜி’. அதில் உள்ள இருபத்து நான்கு கலைகளைக் கோட்டை அரண்மனையின் முன்னால் செய்து காட்டுகிறார்கள். ஒரு நாள் போய்ப் பாருங்கள். வாள் உண்டு, ஈட்டி உண்டு, தடி உண்டு, குதிரைமேல் சுழற்றும் ஆயுதமும் உண்டு. விசிறி இல்லை. இன்றைய ஹாப்கிடோவும் குக்சூல் என்ற இன்னொரு கொரியத் தற்காப்புக் கலையும் இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற பள்ளிகள். விசிறிப் பயிற்சி நல்ல பயிற்சி. மணிக்கட்டுக்கு அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன்மேல் இல்லாத பழமையை ஏற்றி, பத்து மடங்கு விலை வைப்பவரை நம்பாதீர்கள்.

இரும்பு விசிறியால் வரும் தீங்கை நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் எஃகுக் குச்சி விசிறி கொண்டுவந்தார். மூன்றாவது முறை மூடும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் குச்சியின் விளிம்பு கீறிவிட்டது. வெள்ளைத் துணியில் ரத்தம் வரிவரியாக, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடாகப் படிந்திருந்தது. அந்த விசிறி எதிரே நிற்பவரின் முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊருக்குத் திரும்பும்போது அதைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறிகொடுக்கவும் நேரிடும்.

அடுத்த பொறி, கலைப்பொருள் கடை. ஜொன்ஜு நகர விசிறிகள் கொரியாவின் பெருமை. ஜோசன் காலத்தில் அங்கே அரசுப் பட்டறையே இருந்தது. சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ திருநாளுக்காக அரண்மனைக்கு விசிறி அனுப்பினார்கள். மூங்கிலின் மேல்தோலை மெல்லிய பட்டைகளாகச் சீவி, இரண்டிரண்டாக மீன் பசையால் ஒட்டிச் செய்யும் ‘ஹாப்ஜுக்சொன்’ அங்கிருந்து வருவதுதான். அந்தக் கைவினையைக் கொரிய அரசு 2015-இல் தேசிய மரபாக அறிவித்தது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அதனால்தான் அதை வாங்காதீர்கள் என்கிறேன். அதன் முகம் ஹான்ஜி என்ற கொரிய மரபுக் காகிதம். நாளொன்றுக்கு இருநூறு முறை அடித்து விரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழியும். கைவினைஞர் வாரக்கணக்கில் செய்ததை நீங்கள் ஒரே வாரத்தில் குப்பையாக்குவீர்கள்.

ஜொன்ஜு விசிறி என்று சொல்லி விற்பதெல்லாம் ஜொன்ஜுவில் செய்தவையும் அல்ல. சியோலின் இன்சாதோங் தெருவில் நினைவுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விசிறியின் குச்சிகளை அடியில் கோத்திருக்கும் ஆணிக்குப் பக்கத்திலோ உறையின் பின்புறத்திலோ நகத்தளவு ஒட்டுச்சீட்டு இருக்கும். ‘குக்சான்’ என்றால் கொரியாவில் செய்தது. ‘ஜுங்குக்சான்’ என்றால் சீனாவில் செய்தது. சீட்டைச் சுரண்டிய பசைத்தடம் தெரிந்தால் விசிறியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சீனத்து விசிறி மட்டம் என்று சொல்லவில்லை. பயிற்சிக்கு ஏற்ற மலிவான விசிறிகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன. சீன விசிறிக்குச் சீன விலை கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

‘தெரிந்த இடத்தில் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் நன்றி சொல்லி விலகுங்கள். சில பயிற்சிக் கூடங்களில் தேர்வுக் கட்டணத்தோடு சீருடை, கம்பு, விசிறி எல்லாவற்றையும் ஒரே கட்டாக மாணவர் தலையில் கட்டுகிறார்கள். தேர்ச்சி பெற்று இடுப்புப் பட்டையின் நிறம் மாறும்போதெல்லாம் புதிதாக எதையாவது வாங்க வேண்டும் என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. கற்க வந்தவனின் முதல் செலவு அவனுடைய நேரமாக இருக்க வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் நேரடியாக, நீளமும் துணியின் நிறமும் மட்டும் கேளுங்கள். மற்றதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இனி உங்கள் இடக்கை. பலர் ஒரு வரியில் கடந்துவிடும் விஷயம் இது; உங்களுக்கு இதுதான் முக்கியம். மடக்கு விசிறி ஒரு பக்கமாக மட்டுமே விரியும். குச்சிகளை அடுக்கிய வரிசை அப்படி. புரட்டிப் பிடித்தாலும் அது மாறாது. கடையில் இருப்பவை பெரும்பாலும் வலக்கைக்காரருக்கு ஏற்ற அடுக்கு. அதை இடக்கையில் பிடித்து வீசினால் குச்சிகள் எதிர்ப்பக்கம் இழுக்கும், பாதி விரிந்து நிற்கும். தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து நீங்கள் இன்னும் வேகமாக வீசுவீர்கள். இரண்டு மாதத்தில் ஆணி தளர்ந்துவிடும். இப்படித் தன்னையே நொந்துகொண்டு பயிற்சியை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். குற்றம் அவர் கையில் இல்லை, விசிறியில் இருந்தது.

ஆகவே ‘இடக்கை விசிறி’ என்று கேட்டு வாங்குங்கள். தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலைக்கான விசிறி விற்பவர்களிடம் அது கிடைக்கும். கேட்டபின்பும் நம்பாமல் சோதியுங்கள். ஒரே வீச்சை முதலில் வலக்கையில் கொடுங்கள், பிறகு இடக்கையில். எந்தக் கையில் தயங்காமல் விரிகிறதோ அந்தக் கைக்கு உரியது அது. பின்னாளில் இரட்டை விசிறி பழகும்போதும் இதே கவனம் வேண்டும். ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டு வலக்கை விசிறிகளைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: தேர்வில் இடக்கையால் செய்ய அனுமதி உண்டா? எல்லோரும் வலக்கையால்தான் செய்ய வேண்டும் என்ற விதி இருந்தால், தேடி வாங்கிய இடக்கை விசிறி வீட்டில் கிடக்கும்.

கடையில் விசிறியை மூடி, காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் ஆணி சரியில்லை. விரிக்கும்போது ‘படார்’ என்று ஒரே சத்தம் வர வேண்டும். சரசரவென்று இழுத்தால் மடிப்பு ஒட்டியிருக்கிறது. பத்து முறையாவது விரித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.