ரோ பார்க்கும் முன்னே முடிவைச் சொல்லிவிடுகிறார்களா?

தம்பி, வட்ஸ்அப் குழுவில் ரோ என்ற அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சியின் முடிவை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள், கந்தோரிலும் ‘இந்த வயதில் இதென்ன, எல்லாம் நடிப்பு’ என்று பகிடி, குழுவை விட்டு விலகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலகாதீர்கள்.

ரோ தொடங்குகிற நேரம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் திங்கள் இரவு எட்டு மணி என்றால் இலங்கையில் நமக்குச் செவ்வாய் காலை 5.30, அங்கே குளிர்காலத்தில் 6.30. வெள்ளவத்தையில் கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிற ஆள் அதை எப்படி நேரலையில் பார்ப்பது? செவ்வாய் இரவு வரை முடிவு, படம், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம் என்று அட்மினிடம் கேளுங்கள். ஸ்டிக்கர்தான் பெரிய வில்லன். சம்பியன் பெல்ட்டோடு ஒருவர் சிரித்தால் போதும், கதை முடிந்தது. அட்மின் மசியாவிட்டால் திங்கள் படுக்கும் முன் குழுவை மியூட் பண்ணி ஆர்கைவில் போட்டுவிடுங்கள்.

கந்தோர்க்காரரோடு வாதாட வேண்டாம். முடிவு முன்பே தீர்மானிக்கப்படுவதை 1989இல் இந்த மல்யுத்தத்தை நடத்திய வின்ஸ் மக்மானின் நிறுவனமே நியூ ஜெர்சி செனட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் விழுவது நிஜம். 1998இல் அண்டர்டேக்கர் என்ற வீரர் தன் எதிராளி மிக் ஃபோலியை, மல்யுத்த மேடையை மூடிய கம்பிக் கூண்டின் உச்சியிலிருந்து தள்ளினார். சுமார் 16 அடி கீழே வர்ணனையாளர் மேசை, அது நொறுங்கியது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய மனுஷன் இறங்கி வந்து மறுபடி கூண்டில் ஏறினார்! மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

அப்புறம், விடிய விடிய காத்தவராயன் கூத்துப் பார்த்த சனம் நாம். கழுமரம் ஏறுவது நிஜமா என்று அங்கே யார் கேட்டார்கள்?