போர்ட்டல் ஆக்சில் மாட்டினால் வெள்ளத்தில் போகலாமா?

வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் இசுசு வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனேன். போர்ட்டல் ஆக்சில் மாட்டினால் நாலு அங்குலம் உயரும் என்கிறார் நண்பர். அம்பத்தூரில் லேத் பட்டறையிலேயே செய்து தருவார்களாம். மாட்டலாமா?"

உங்கள் தேவைக்கு வேண்டாம். போர்ட்டல் அருமையான பொருள்தான், ஆனால் அது தண்ணீருக்காகச் செய்ததில்லை, பாறைக்காகச் செய்தது.

சாதாரண ஆக்சிலில் ஹாஃப் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) சக்கரத்தின் நடு மையத்துக்கே போகிறது, அதனால் பின்னால் இருக்கிற, இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையும் அந்த உயரத்தில்தான் தொங்கும். ஸ்ப்ரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடி மட்டும்தான் மேலே போகும், உருண்டை நகராது. போர்ட்டலில் ஷாஃப்ட் சக்கர மையத்துக்கு மேலேயே நின்றுவிடுகிறது, அங்கிருந்து ஹப்பில் (சக்கரம் மாட்டும் இடத்தில்) உள்ள ஒரு கியர் பெட்டி சுழற்சியைக் கீழே இறக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆக்சில், உருண்டை, பாடி எல்லாமே சேர்ந்து உயரும், ஸ்ப்ரிங்கைத் தொடவே வேண்டாம், இன்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் புரொபல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் கெடாது. மெர்சிடிஸ்-பென்ஸின் உனிமோக் லாரிகள் காட்டுப் பாதையிலும் மேட்டிலும் அப்படி ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சோவியத் ராணுவத்துக்குச் செய்த உவாஸ் 469 ஜீப்பில் ஹப் கியர் இருந்தது, தரை இடைவெளி 300 மி.மீ. அதே வண்டியை ஹப் கியர் இல்லாமல் பொதுமக்களுக்குக் கொடுத்தபோது 220 மி.மீ. ஆனது. (தாழ்தளப் பேருந்துகள் பலவற்றில் இதையே தலைகீழாக வைத்து, ஆக்சிலைச் சக்கர மையத்துக்குக் கீழே இறக்கித் தளத்தைத் தாழ்த்துகிறார்கள்.)

இன்னொரு லாபமும் உண்டு. வேகக் குறைப்பு சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பதால் ஹாஃப் ஷாஃப்ட்டுக்குச் சுமை குறைகிறது. பெட்டியின் விகிதம் 1.5 என்றால், சக்கரத்தில் அதே டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) ஷாஃப்ட் மூன்றில் இரண்டு பங்கு முறுக்கைத் தாங்கினால் போதும். ஆனால் சாலையில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அதே 1.5 விகிதத்தால், 30 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 37 அங்குலம் போட்டாலும்கூட, முன்பு 2000 ஆர்பிஎம்மில் ஓடிய வேகத்துக்கு இப்போது ஏறக்குறைய 2430 ஆர்பிஎம் வேண்டும். ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், ஏபிஎஸ் சென்சாருக்குப் புது இடம் தேட வேண்டும், பிரேக் ஹோஸ் எட்டாது, ஈர்ப்பு மையம் மேலே போவதால் ஓஎம்ஆர் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது யாராவது குறுக்கே வந்து நீங்கள் ஸ்டீரிங்கை வெட்டினால் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் வி-கிராஸில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்ப்ரிங்கில் உட்கார்ந்த ஆக்சில், ஆகவே முன்னுக்கு ஒரு வகை, பின்னுக்கு வேறு வகை என்று இரண்டு வேலை. இதைப் போட்டி வண்டிக்குத்தான் செய்ய வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே துண்டு ஆக்சில் உள்ள பழைய ஜிப்ஸியை எடுப்பது நல்லது.

லேத் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கவலை அதிகம். பெட்டிக்குள் இரண்டே கியர் வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், நடுவில் திசையை மாற்றிக் கொடுக்க ஐட்லர் கியர் வேண்டும் அல்லது டிஃபரன்ஷியலையே திருப்பி வைக்க வேண்டும். அதைக்கூடச் சமாளிக்கலாம், பல்லைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஈஎன் 353 போன்ற இரும்பில் பல் வெட்டி, கேஸ் ஹார்டனிங் (சூடாக்கி மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்தால் சூட்டில் அது கொஞ்சம் கோணும், அதனால் அப்புறம் பல்லை கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும். பலர் அந்தக் கடைசி வேலையை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்த ஒரு பெட்டியை என் பட்டறையில் திறந்திருக்கிறேன். வெளியே வந்த எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தது, விரலில் தேய்த்தால் நறநற என்றது, பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், அதுவும் பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும். பேரிங் இருக்கைகள் நேர்கோட்டில் இல்லை என்று அந்த ஒரு ஓரமே சொல்லிவிட்டது.

பால் டீ நிறம் எப்படி வந்தது? ஓடிச் சூடான பெட்டி சடாரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், பெட்டி மூச்சு விடும் பிரீதர் குழாய் உயரத்தில் இல்லையென்றால் ஆயில் சீல் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதாவது, வெள்ளத்துக்காக மாட்டுகிற பொருளே வெள்ளத்தில் தண்ணீர் குடிக்கும் இடங்களில் சக்கரத்துக்கு ஒன்றாகப் புதிதாக நான்கைச் சேர்க்கிறது. இன்ஜின் காற்றை இழுக்கும் ஏர் இன்டேக்கும் நாலு அங்குலம் உயரும், மறுக்கவில்லை, ஆனால் வேளச்சேரியில் அந்த நாலு அங்குலம் அடுத்த தெருவில் இருக்கிற பள்ளத்துக்குப் போதாது. திறந்து கிடக்கிற மழைநீர் வடிகால் கலங்கிய தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, இழுக்கிற தண்ணீரில் உயரமான வண்டியும் மிதக்கும்.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

சரி, அடுத்த ஐப்பசிக்கு முன் என்ன செய்யலாம்? ஏர் ஃபில்டர் பெட்டி தண்ணீரை எந்த உயரத்தில் இழுக்கும் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள், ஏனென்றால் இன்ஜின் தண்ணீர் குடித்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போடுங்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து பின் டிஃபரன்ஷியலின் பிரீதர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஆக்சிலின் மேலேயே முடிந்தால் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி டெயில் லைட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், அரை மணி நேர வேலைதான். ஏற்கெனவே தண்ணீரில் ஓட்டியிருந்தால் ஹோஸ் மாட்டுவதற்கு முன் டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கைக் (எண்ணெய் வடிக்கும் திருகை) கழற்றி எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.