பெட்ரோமாக்ஸ் மஞ்சளாக எரிகிறதா? சூடு போதவில்லை

கேள்வி: முகாம்களுக்கு எடுத்துச் செல்லும் மண்ணெண்ணெய் பெட்ரோமாக்ஸ் விளக்கு சில ஆண்டுகளாகப் பெட்டியிலேயே கிடந்தது. இப்போது பம்பு அடித்தால் காற்று ஏற மறுக்கிறது. எப்படியோ ஏற்றிப் பற்றவைத்தாலும் மஞ்சள் தீ குபுகுபுவென்று எழுந்து கண்ணாடி கரி பிடிக்கிறது. புது விளக்குதான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் பம்பு. அதன் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் ஒன்று உண்டு. நெடுநாள் சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். காற்று ஓரமாகக் கசிந்துவிடும். மூடியைத் திருகித் தண்டை வெளியே எடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டு, தோல் இளகும்வரை விரலால் நீவி, விளிம்பை வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். திரும்பச் செருகும்போது விளிம்பு மடங்காதபடி மெல்லச் சுழற்றி இறக்க வேண்டும். அடித்த பிறகு கைப்பிடி தானாக மேலே எழும்பினால் தவறு தோலில் இல்லை. பம்பின் அடியிலுள்ள வால்வில் தூசி இருக்கும், அல்லது அதன் ரப்பர் இறுகியிருக்கும்.

பழைய மண்ணெண்ணெயை முழுவதும் கொட்டிவிட்டுப் புதியதை வடிகட்டி ஊற்றுங்கள். டாங்கில் முக்கால் பங்கு போதும், மிச்ச இடம் காற்றுக்கு. பெட்ரோலை மட்டும் இதில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் பொருள் அது, விளக்கே வெடிக்கலாம். பற்றவைக்கும் முன், காற்றடித்து இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் கேஸ்கெட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையத்தை, மாற்றுங்கள்.

மஞ்சள் தீக்கு வருவோம். இந்த விளக்கில் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. எண்ணெயை ஆவியாக்கும் குழல் போதுமான அளவு சூடேறாவிட்டால், நிப்பிள் என்னும் நுண்துளை முனையிலிருந்து மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சும். நீங்கள் கண்ட மஞ்சள் தீ அதுதான். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். டாங்கின் காற்றை வெளியேற்றும் காற்றுத் திருகைத் திறந்தே வைத்து, குழலைச் சூடேற்றும் ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பிப் பற்றவைத்து, அது அணையப்போகும் தறுவாய்வரை பொறுத்திருங்கள். பிறகு திருகை மூடி, மெதுவாகப் பம்பு அடியுங்கள். மேண்டில் (ஒளி தரும் வலைப்பை) வெள்ளையாகப் பிடித்துக்கொண்ட பிறகு அழுத்தமானியின் சிவப்புக் கோடுவரை காற்றை ஏற்றலாம். நன்றாகச் சூடேற்றியும் ஒளி துடித்தால் நிப்பிளில் கரி அடைத்திருக்கும். விளக்கிலுள்ள கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று திருப்பினால் உள்ளிருக்கும் ஊசி அதைக் குத்தி எடுத்துவிடும்.

புது மேண்டிலைச் சுருக்கங்கள் சீராக அமையும்படி கட்டுங்கள். ஒருமுறை எரிந்த பிறகு அது வெறும் சாம்பல் கூடுதான், தொட்டாலே உதிரும். குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் மாற்றிவிடுங்கள். அதன் வழியே பாயும் தீ கண்ணாடியில் பட்டு அதை உடைத்துவிடும். பழைய மேண்டில்களில் கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்திருக்கும் என்பதால், உதிர்ந்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்துக் கையைக் கழுவுங்கள். பயணத்தில் மேண்டில் எப்படியும் உதிரும். உபரியாக இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அணைப்பதற்குக் காற்றுத் திருகைத் திறந்தால் போதும். முழுவதும் ஆறும்வரை எண்ணெய் ஊற்றாதீர்கள். எவ்வளவு குளிரடித்தாலும் கூடாரத்துக்குள் இதை எரிக்கக் கூடாது. தீ ஒருபுறம் இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது; தூங்குபவர் எழவே மாட்டார்.