கேள்வி – பதில்: சீன எழுத்தும் கோட்டு வரிசையும்

கே: மகன் சீனப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். எழுத்து பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோடு போட்ட வரிசை தப்பு என்று ஆசிரியர் திருத்துகிறார். எழுத்து சரியாக வந்தால் போதாதா?
– வாசகி, கிள்ளான்

ப: போதாதுங்க. கட்டத்துக்குள் நிதானமாக எழுதும்வரை வித்தியாசம் தெரியாது. வேகம் கூடும்போது ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குப் பேனா இழுபட்டுப் போகும். வரிசை தப்பினால் அந்த இழுப்பு தப்பான இடத்தில் விழுந்து, எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

'சிறிய' என்று பொருள்படும் சியாவ் எழுத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு நெடுங்கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு கோடு. முதலில் நடுக்கோட்டை இறக்கி, அடியில் இடப்பக்கமாக ஒரு கொக்கி போட வேண்டும். கொக்கி விட்ட திசையிலேயே இடக்கோடு தொடங்கும். வலக்கோடு கடைசி. பக்கக் கோடுகளை முதலில் போட்டால் நடுக்கோடு நடுவில் விழுவதே சிரமம்.

கைப்பேசியிலும் இது உதவும். கோட்டு வரிசைப்படி உள்ளிடும் விசைப்பலகையில் ஐந்தே விசைகள்: 1 கிடைக்கோடு, 2 நெடுங்கோடு, 3 இடச்சாய்வு, 4 புள்ளி, 5 மடிப்பு. 'நாடு' என்னும் குவோ எழுத்துக்கு 2-5-1-1-2-1-4-1. வரிசை மாறினால் எழுத்து வராது.

கே: விதிகளை மனப்பாடம் செய்துவிட்டேன். எழுதும்போது மட்டும் குழம்புகிறது. எங்கே கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோவை

ப: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பின் நெடுங்கோடு, இடச்சாய்வுக்குப் பின் வலச்சாய்வு: இந்த நான்கும் சீக்கிரம் பழகிவிடும். சறுக்குவது பெட்டியில்தான்.

'வாய்' என்னும் கொவ் எழுத்து வெறும் சதுரம். அதை நான்கு கோடாகவோ, பேனா எடுக்காமல் ஒரே சுற்றாகவோ போடுகிறார்கள். அது மூன்று கோடு. முதலில் இடப்பக்க நெடுங்கோடு. அடுத்து, மேல்கோட்டை வலப்பக்கம் இழுத்து, பேனாவை எடுக்காமலே மடித்துக் கீழே இறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. அடிக்கோடு கடைசி.

இதே பெட்டி குவோ எழுத்தில் பெரிதாக வரும். முதல் இரண்டு கோட்டோடு நிறுத்துங்கள். உள்ளே கிடை, கிடை, நெடு, கிடை, புள்ளி. பிறகே அடிக்கோடு. வீட்டுக்குள் ஆள் வந்த பிறகு கதவைச் சாத்து என்று சீன வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பார்கள். முதலிலேயே மூடினால் உள்ளே ஐந்து கோடுகளும் நெருக்கியடித்துச் சுவரில் முட்டும்.

பொது விதிக்குள் அடங்காதவற்றைத் தனியாக எழுதிப் பழகுங்கள். 'வழி' என்னும் தாவ் எழுத்தில் இடப்புறமும் அடியிலும் ஓடும், நடப்பதைக் குறிக்கும் பகுதி கடைசியில்தான் வரும். 'மருத்துவம்' என்னும் யீ, வலப்பக்கம் திறந்த பெட்டி: மேல்கோடு, உள்ளே இருப்பது, கடைசியில் இடக்கோடும் அடிக்கோடும் ஒரே மடிப்பாக. 'தீ' என்னும் ஹுவோவில் நடுவை விட்டுவிட்டுப் பக்கப் புள்ளிகள் இரண்டையும் முதலில் வைக்க வேண்டும்.

கே: ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு காணொளியிலும் ஒவ்வொரு வரிசை காட்டுகிறார்கள். எது சரி?
– வாசகர், சென்னை

ப: நாட்டுக்கு நாடு தரம் வேறு. 'அரசன்' என்னும் எழுத்தைச் சீனாவில் கிடை, கிடை, நெடு, கிடை என்று எழுதுவார்கள். ஜப்பானில் கிடை, நெடு, கிடை, கிடை. இரண்டும் அங்கங்கே சரிதான். சீனாவின் இப்போதைய தரம் 8,105 எழுத்துகளுக்கானது. 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தைவான் கல்வித்துறையின் கையேடு 1996இல் வந்தது. கோடுகளைக் குறைத்து எளிமையாக்கிய, சீனாவில் இப்போது வழங்கும் எழுத்தைப் படிப்பவர்கள் சீனத் தரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். காணொளி எந்த நாட்டினுடையது என்று பார்க்காமல் கலந்து படிக்காதீர்கள்.

கே: தினமும் எத்தனை எழுத்து எழுதலாம்?
– வாசகி, மதுரை

ப: புதிதாக ஐந்து போதும். நடுவில் குறுக்கும் நெடுக்கும் புள்ளிக்கோடு போட்ட சதுரக்கட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு எழுத்தைக் கோடு கோடாகப் பார்த்து, கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லி மூன்று முறை எழுதுங்கள். பிறகு மாதிரியை மூடிவிட்டு ஒருமுறை. மறுநாள் புதியதைத் தொடும் முன் நேற்றைய ஐந்தையும் பார்க்காமல் எழுத வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். சீக்கிரம் முடிக்க, பக்கம் முழுக்க இடப்பாதியை வரிசையாக எழுதிவிட்டு, பிறகு வலப்பாதியை நிரப்புவது. நோட்டு நிறையும், கை முழு எழுத்தை ஒருமுறைகூட எழுதியிருக்காது. பக்கம் நிறைய எழுதியும் மறுநாள் மறந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

சீன மொழித்திறனுக்கான 2021ஆம் ஆண்டுத் தரத்தில் தொடக்கக் கட்டத்துக்குக் கையால் எழுதத் தெரிய வேண்டியவை 300 எழுத்துகள். உங்கள் முதல் இலக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.